மக்ரோனி சீஸ் உங்கள் வீட்டில் எப்படி? தளதளவென்றா, ஓவனில் முறுகவிட்டா, மசாலா போட்டா?

வைட்ஃபீல்டு_வித்யா:

பெங்களூரில் இருக்கும் நம்மவர்களிடம்தான் முதலில் கேட்கிறேன், ஏனென்றால் இங்கே கடையில் கிடைக்கிற பால், சீஸ், மக்ரோனியை வைத்துத்தான் எனக்குப் பதில் வேண்டும். தேடிப் பார்த்தால் க்ரூயேர் சீஸ் போடு, ஷார்ப் செடார் சீஸ் போடு என்று எழுதியிருக்கிறார்கள். அதையெல்லாம் வாங்கிச் செய்தால் ஒரு வேளை டிபனுக்கே பர்ஸ் காலி.

எங்கள் வீட்டில் இந்த விஷயத்தில் மூன்று கட்சி. மகள் ஏழாவது படிக்கிறாள், அவளுக்கு வெங்காயம், தக்காளி, பட்டாணி எதுவுமே கண்ணில் படக்கூடாது. மக்ரோனியும் சீஸ் சாஸும் மட்டும், தட்டில் ஊற்றினால் தானாகப் பரவ வேண்டும். கணவருக்கு ஓவனில் வைத்து மேலே நன்றாகச் சிவந்திருக்க வேண்டும், அந்த ஓரத்தைச் சுரண்டி எடுப்பதற்காகவே உட்காருவார். எனக்கு இரண்டுமே பிடிக்கும், ஆனால் காரம் இல்லாமல் ஒரு கிண்ணத்துக்கு மேல் இறங்குவதில்லை. மாமியார் ஊரிலிருந்து வந்தால் அது நான்காவது கட்சி, பாக்கெட்டைத் திருப்பி "இதில் என்னம்மா கலந்திருக்கிறது" என்று கேட்பார். நியாயமான கேள்விதான், என்னிடம்தான் தெளிவான பதில் இல்லை.

எந்த சீஸைப் போட்டால் சாஸ் மணல் மணலாகத் திரியாமல் வழவழவென்று நிற்கிறது? பள்ளிக்கு டப்பாவில் கொடுத்தால் மதியம் அப்படியே கட்டியாகிவிடுகிறது, அதற்கு என்ன வழி? கூட எதைத் தொட்டுக்கொள்கிறீர்கள்? வெறும் செய்முறை வேண்டாம், உங்களுக்கு எப்படிப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

---

அல்சூர்காரன்:

அந்த மணல் மணல் விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், அது புரிந்துவிட்டால் எந்த சீஸ் வாங்குவது என்ற கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். சீஸ் என்பது புரதம் பின்னிய ஒரு வலை, அதற்குள் கொழுப்பும் தண்ணீரும் மாட்டிக்கொண்டிருக்கின்றன, அந்த வலையை இறுக்கிப் பிடித்திருப்பது கால்சியம். அதிகச் சூடு பட்டால் வலை இன்னும் இறுகிக் கொழுப்பை வெளியே தள்ளிவிடும். மேலே எண்ணெய் மிதக்கிறது, கீழே சொரசொரவென்று நிற்கிறது என்றால் நடந்தது இதுதான். மாதக்கணக்கில் பழுக்கவைத்த செடாரில் ருசி அதிகம், ஆனால் இப்படிப் பிரிகிற குணமும் அதிகம். இளசான செடார் அழகாக உருகும், ருசிதான் கொஞ்சம் சப்பென்று இருக்கும்.

இதைத் தடுக்க இரண்டு வழி. ஒன்று, மைதாவும் வெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுகிற வெள்ளை சாஸ், அதிலிருக்கும் மாவுச்சத்து குறுக்கே நின்று புரதம் கட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று சோடியம் சிட்ரேட் என்ற உப்பு, அது கால்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் வலை தளர்ந்து கொழுப்பை விடாமல் பிடித்துக்கொள்கிறது. இந்த உப்பைத் தனியாகத் தேடி அலைய வேண்டாம். நம் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிற அமுல் கியூபின் உறையைத் திருப்பிப் பாருங்கள், சேர்மானத்தில் சோடியம் சிட்ரேட் இருக்கும், சில உறைகளில் 331 என்று எண்ணாகப் போட்டிருப்பார்கள். அதனால் என் வழக்கம் இது: ருசிக்குச் செடார், வழவழப்புக்கு இரண்டு அமுல் கியூப். வெறும் கியூபிலேயே செய்தால் உப்பு தூக்கலாகிவிடும், வெறும் செடாரில் செய்தால் அடுப்பு பக்கத்தைவிட்டு நகர முடியாது. இரண்டையும் சேர்க்கும்போதுதான் அந்த உணவு தன் இடத்துக்கு வருகிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான்கு பேருக்கு என் அளவு: மக்ரோனி 250 கிராம், வெண்ணெய் 30 கிராம், மைதா 30 கிராம், பால் 600 மில்லி, செடார் 150 கிராம், கியூப் இரண்டு, அதாவது 50 கிராம். பாலில் நந்தினி ஆரஞ்சு பாக்கெட் வாங்குவேன், நீல பாக்கெட்டில் சாஸ் கொஞ்சம் நீர்த்தாற்போல் இருக்கும். வெண்ணெய் உருகியதும் மைதாவைப் போட்டுச் சிறு தீயில் பச்சை வாசனை போகும்வரை கிளற வேண்டும், ஆனால் நிறம் மாறவிடக் கூடாது. பிறகு பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கட்டி தட்டாமல் விஸ்க்கால் அடித்துக்கொண்டே இருந்தால் கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கிற பதம் வரும், விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடக் கூடாது. இந்த இடத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள். அணைத்து ஒரு நிமிடம் விட்டுத்தான் துருவிய சீஸைப் போட வேண்டும், கொதிக்கிற சாஸில் போட்டால் நான் மேலே சொன்ன கதைதான். கடைசியில் கால் டீஸ்பூன் கடுகுப்பொடி, கொஞ்சம் வெள்ளை மிளகு. கடுகு தனியாகத் தெரியாது, ஆனால் சீஸின் புளிப்பைத் தூக்கிக் காட்டும். ஊறுகாய்க்கு அரைத்து வைத்திருக்கிற பொடியே போதும்.

சீஸை நீங்களே துருவுங்கள். துருவி வருகிற பாக்கெட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க ஸ்டார்ச் தூவியிருப்பார்கள், சாஸ் ஒரு மாதிரி தூள் தூளாக நாக்கில் படும். செடாருக்கு நான் வாங்குவது கொடைக்கானலிலிருந்து வருகிற கோடை சீஸ். நம்மூர் மலையில் செய்தது என்பது ஒரு சந்தோஷம், அது இல்லாவிட்டாலும் இந்த விலையில் இந்த ருசிக்கு நான் அதைத்தான் வாங்குவேன்.

மக்ரோனியைப் பற்றி ஒரு வார்த்தை. பாக்கெட்டில் "துரும் கோதுமை ரவை" என்று இருக்கிறதா பாருங்கள். மைதா கலந்தது சாஸில் கிடக்கக் கிடக்க ஊறிக் குழைந்துவிடும். துரும் ஏதோ அந்நியப் பொருள் இல்லை, பெங்களூரில் உப்புமாவுக்கு வாங்குகிறோமே பன்சி ரவை, அதுவும் துரும் கோதுமைதான். இன்னொன்று, இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, தண்ணீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் பாக்கெட்டில் போட்டிருக்கிற நிமிடக் கணக்கு இங்கே கொஞ்சம் நீளும், ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துத்தான் இறக்க வேண்டும். பல்லில் தட்டுப்பட வேண்டும் என்பார்கள், மற்ற பாஸ்தாவுக்குச் சரி. மக்ரோனி சீஸுக்கு எனக்கு முழுசாக வெந்திருக்க வேண்டும், சாஸும் மக்ரோனியும் ஒரே மென்மையில் வாய்க்குள் போக வேண்டும். ஆழமான கிண்ணம், ஸ்பூன், அவ்வளவுதான். ஓவனெல்லாம் எனக்கு வேண்டாம், காய்ந்துபோகிறது.

---

பேக்கிங்_பிரியா:

அல்சூர்காரன் சொன்ன சாஸ் விளக்கம் அத்தனையும் சரி, கடைசி வரி மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஓவனில் வைத்தால் காய்கிறது என்றால் சாஸ் போதவில்லை என்று அர்த்தம். உள்ளே போகும்போது "இது ரொம்பத் தண்ணியாக இருக்கிறதே" என்று பயம் வர வேண்டும், அந்த அளவுக்கு விட வேண்டும், ஏனென்றால் மக்ரோனி ஓவனுக்குள்ளேயும் குடித்துக்கொண்டே இருக்கும். அதே அளவுக்குப் பால் 750 மில்லி எடுத்துக்கொண்டு, மக்ரோனியை இரண்டு நிமிடம் முன்னாலேயே வடித்துவிட்டால் போதும். 200 டிகிரியில் 20 நிமிடம், ஓரங்களில் கொப்புளம் கொப்புளமாகக் கொதிக்க ஆரம்பித்ததும் மேல் ராடை மட்டும் போட்டு மூன்று நிமிடம்.

மேலே சுட்டுச் சிவக்கவிடுவது பின்னால் சேர்த்த ஜோடனை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1769-ல் இங்கிலாந்தில் எலிசபெத் ராஃபல்ட் அச்சிட்ட குறிப்பிலேயே, வெந்த மக்ரோனியை க்ரீமும் மாவில் புரட்டிய வெண்ணெயும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, மேலே பார்மெசான் சீஸைச் சுட்டுப் பரப்பச் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் இந்த உணவு வேரூன்றியதில் ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்பவருக்குப் பெரிய பங்கு உண்டு. தாமஸ் ஜெஃபர்சனின் அடிமையாக இருந்தவர், 1780-களில் பாரிஸில் பிரெஞ்சு சமையல் கற்றவர். 1802-ல் ஜனாதிபதி ஜெஃபர்சனின் விருந்தில் மக்ரோனி பை பரிமாறப்பட்டதைச் சாப்பிட வந்தவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். பெயர் ஜெஃபர்சனுக்குப் போனது, கை ஹெமிங்ஸ் போன்றவர்களுடையது. இன்றைக்கும் அமெரிக்கத் தெற்குப் பகுதியில் கறுப்பினக் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டிலும் தேங்க்ஸ்கிவிங் விருந்திலும் ஓவனில் வைத்த மக்ரோனிதான் இருக்கும். அங்கே பலர் மைதா சாஸே போடுவதில்லை, முட்டையும் பாலும் அடித்து ஊற்றி, துண்டு போடுகிற மாதிரி கெட்டியாக எடுப்பார்கள். வித்யா, முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உங்கள் கணவருக்கு ஒருமுறை அப்படிச் செய்து கொடுங்கள், ஓரம் முழுக்க அவருக்குத்தான்.

மேலே தூவ எல்லோரும் பிரெட் தூள் என்பார்கள். நான் போடுவது அய்யங்கார் பேக்கரி காரா பன். முதல் நாள் வாங்கி, பிய்த்து, தட்டில் பரப்பிக் காயவிட்டு, மறுநாள் மிக்சியில் ஒரே ஒரு சுற்று. அதில் ஏற்கெனவே பச்சை மிளகாய், வெங்காயம், கொத்தமல்லி எல்லாம் இருக்கும். ஒரு ஸ்பூன் உருகிய வெண்ணெயில் பிசறித் தூவினால் மேலே சிவந்து வரும்போது வீடு முழுக்க அந்தப் பேக்கரி வாசனை. கீழே காரமே இல்லாத சாஸ், மேலே காரமான முறுகல், இரண்டும் ஒரே ஸ்பூனில் வர வேண்டும். காரம் கேட்கிற உங்களுக்கும் இதில் வேலை முடிந்தது, மகளுக்கு மேல் பாகத்தை ஒதுக்கிவிட்டு உள்ளேயிருந்து எடுத்துக் கொடுக்கலாம்.

---

கோரமங்களா_பேச்சிலர்:

ஒரு பாத்திரம், ஒரு ஸ்பூன் உள்ளவர்களுக்கு. 100 கிராம் மக்ரோனியை மூழ்கும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு, கொஞ்சமாக உப்புப் போட்டு, கிளறிக்கொண்டே வேகவிடுங்கள். வடிக்க வேண்டாம். தண்ணீர் கிட்டத்தட்ட வற்றும்போது அரை டம்ளர் பால், இரண்டு கியூப், சிறு தீ. மக்ரோனியிலிருந்து இறங்கிய மாவே சாஸைக் கெட்டியாக்கிவிடும், மைதா தேவையில்லை. நிறைய மிளகு. பாத்திரத்திலேயே சாப்பிடலாம்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் எவாபரேட்டட் மில்க் என்று வரும், அது சர்க்கரை சேர்க்காமல் சுண்டவைத்த பால், அதற்குப் பதிலாக டின்னில் வருகிற இனிப்புப் பாலை ஊற்றிவிடாதீர்கள். இரண்டும் வேறு.

---

ஃப்ரேசர்டவுன்_ரஃபி:

இங்கே யாருமே மசாலா பக்கம் வரவில்லையே, அதனால் நான் வருகிறேன். மசாலா மக்ரோனியை ஏதோ தெரியாதவர்கள் செய்வது போலச் சிலர் பேசுவார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. எங்கள் வீட்டில் நோன்பு மாதத்தில் இஃப்தாருக்குப் பிறகு பிள்ளைகள் கேட்பது இதைத்தான். கொத்துக்கறி, வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி, கொஞ்சம் கரம் மசாலா, அதில் மக்ரோனி, இறக்கும்போது சீஸ். அம்மா செய்தால் அடியில் லேசாகப் பிடித்திருக்கும், அந்த அடியைத்தான் நாங்கள் பங்கு போடுவோம்.

வித்யா அக்கா, ஒரு விஷயம் மட்டும் கவனிக்கவும். தக்காளியும் பால் சாஸும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் புளிப்பில் பால் திரிந்துவிடும். அதனால் மசாலா வகைக்கு வெள்ளை சாஸே வேண்டாம். தக்காளியை எண்ணெய் பிரிகிறவரை, நிஜமாகவே ஓரத்தில் எண்ணெய் தெரிகிறவரை, வதக்குங்கள். மக்ரோனி வேகவைத்த தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து வைத்திருந்து அதை விட்டுத் தளர்த்துங்கள். அடுப்பை அணைத்த பிறகுதான் துருவிய கியூப். அப்படிச் செய்தால் சீஸ் மசாலாவோடு ஒட்டி மக்ரோனியைப் பூசிக்கொள்ளும், நூல் நூலாக வேண்டுமென்றால் மேலே கொஞ்சம் மொஸரெல்லா. இங்கே பெங்களூரிலேயே பெனடிக்டைன் துறவிகள் செய்கிற வலம்ப்ரோசா மொஸரெல்லா கிடைக்கிறது, கிடைத்தால் அதை வாங்குங்கள்.

சைவமாகச் செய்தால் கொத்துக்கறிக்குப் பதில் பொடியாக நறுக்கிய காளான், தண்ணீர் முழுக்க வற்றும்வரை வதக்கியது. சோயாவும் போடலாம், எனக்குக் காளான்தான் பிடிக்கும்.

---

ஜெயநகர்_மாமி:

வித்யா, உன் மாமியார் கேட்பது சரியான கேள்விதான்மா, அவருக்குப் பதில் சொல்ல உனக்கு உதவுகிறேன். சீஸ் செய்யப் பாலை உறையவைக்க ரென்னெட் என்று ஒன்று சேர்ப்பார்கள். பழைய முறையில் அது கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது, இத்தாலியின் அசல் பார்மெசானில் இன்றும் அதுதான். நுண்ணுயிரிலிருந்து எடுக்கிற ரென்னெட்டும் உண்டு, சைவ சீஸ் செய்வது அதை வைத்துத்தான். இங்கே விற்கிற பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார், இருந்தால் தைரியமாகப் பரிமாறு. இறக்குமதிக் கட்டிகளில் மட்டும் ஜாக்கிரதை. அதோடு, ரொம்ப மலிவாகக் கிடைக்கிற சிலதில் பாலுக்குப் பதில் பாமாயில் சேர்த்திருப்பார்கள், சேர்மானத்தில் எண்ணெய் என்று இருந்தால் அதை அப்படியே திரும்ப வைத்துவிடு. அது உருகாது, வெறுமனே இளகும். வாயில் கொழகொழவென்று ஒட்டும்.

டப்பா விஷயம். சூடாக இருக்கும்போது உனக்குச் சரியாக இருக்கிற பதம், மதியம் பன்னிரண்டரை மணிக்குக் கட்டியாகத்தான் இருக்கும். தயிர் சாதம் பிசையும்போது பால் கூட விட்டுத் தளர்த்தி வைப்போமே, இதுவும் அதே கணக்கு. தட்டில் போட்டால் ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும், அப்போதுதான் மதியம் சரியாக இருக்கும். செடாரைக் குறைத்து கியூபைக் கூட்டு, ஆறினாலும் மிருதுவாக இருக்கும். டப்பாவில் முதலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டுப் பிறகு நிரப்பு. சின்ன உருண்டை மக்ரோனியைவிட வளைந்த குழல் நல்லது, உள்ளே சாஸ் தங்கும்.

மிச்சம் இருந்தால் மைக்ரோவேவில் வைக்காதே, ஓரம் ரப்பர், நடுவில் சில்லென்று இருக்கும். எவர்சில்வர் டப்பாவில் இரண்டு ஸ்பூன் பால் தெளித்து, மூடி, இட்லிப் பானையில் பத்து நிமிடம் வேகவிடு. ஆவியில் மெதுவாகச் சூடாவதால் எண்ணெய் பிரியாது. நடுவில் ஒருமுறை திறந்து கிளறிவிட்டால் போதும்.

தொட்டுக்கொள்ள மோர்மிளகாய். கறுக்க வறுத்தது. இதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை என்பது என் கட்சி. ஒரு வாய் மக்ரோனி, மிளகாயின் நுனியில் ஒரு கடி. அந்த உப்பும் மோர்ப் புளிப்பும் மொறுமொறுப்பும் சீஸின் திகட்டலை அறுத்துவிடும். கெட்சப்பை ஊற்றிக்கொள்வதை மட்டும் என்னால் பார்க்கச் சகிக்கவில்லை.

---

ஆன்சைட்_முருகேஷ்:

மாமி, கெட்சப்புக்கு ஒரு நாடே கைதூக்கும். கனடாவில் மக்ரோனியும் சீஸ் பொடியுமாக டப்பாவில் வருகிற கிராஃப்ட் டின்னரை கெட்சப்போடு சாப்பிடுவது சர்வ சாதாரணம், அங்கே இருக்கிற என் தங்கை வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான். அந்த டப்பா 1937-ல் வந்தது. பொருளாதாரம் சரிந்து கிடந்த காலம், 19 சென்ட்டுக்கு நான்கு பேர் சாப்பிடலாம் என்று சொல்லி விற்றார்கள், பிறகு போர்க்காலப் பங்கீட்டில் இன்னும் பரவியது. அந்தப் பொடியின் ருசிக்கு உப்பும் புளிப்பும் இனிப்பும் சேர்ந்த ஒன்று தேவைப்படுகிறது, அதனால் கெட்சப் பொருந்துகிறது. வீட்டில் செய்த சாஸுக்கு அது தேவையில்லை என்பதில் நான் உங்கள் பக்கம்.

சூரிச்சில் வேலையாக இருந்தபோது எனக்குப் பழக்கமானது ஆல்ப்ளர்மக்ரோனன். மக்ரோனியோடு உருளைக்கிழங்குத் துண்டுகளைச் சேர்த்து வேகவைத்து, க்ரீமும் மலை சீஸும் கலந்து, மேலே வெண்ணெயில் சிவக்க வறுத்த வெங்காயம். பக்கத்தில் ஆப்பிள் மசியல் வைப்பார்கள். மக்ரோனிக்கு உருளைக்கிழங்கா என்று நானும் கேட்டேன், ஆனால் அந்தக் கிழங்கு சாஸில் லேசாகக் கரைந்து கொடுக்கிற கெட்டி வேறு எதிலும் வராது. இங்கே வந்த பிறகு கோடை சீஸில் கௌடா வாங்கி அதே மாதிரி செய்கிறேன். ஒரு கிழங்கு, 200 கிராம் மக்ரோனி, அதற்கு இரண்டு பெரிய வெங்காயம். வெங்காயத்தைப் பொறுமையாக, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வறுக்க வேண்டும், அதில் அவசரம் காட்டினால் இந்த உணவே இல்லை. கூடவே கொடைக்கானல் மலைப்பூண்டு இரண்டு பல்லைத் தட்டி வெண்ணெயில் போடுவேன், அது புவிசார் குறியீடு பெற்ற பூண்டு, காட்டம் அதிகம், இரண்டுக்கு மேல் வேண்டாம். ஆப்பிள் மசியலுக்குப் பதில் வீட்டில் போட்ட மாங்காய்த் தொக்கு.

---

பேட்டை_பால்ராஜ்:

எல்லாம் சரி, ஆனால் கியூபையும் ஸ்லைஸையும் இவ்வளவு பாராட்டுவது எனக்கு உடன்பாடில்லை. பிராசஸ்டு சீஸ் என்பது சீஸே இல்லை, பிள்ளைகளுக்கு அதைப் பழக்கினால் நல்ல செடாரின் ருசி அவர்களுக்குத் தெரியவே தெரியாது. செடார் மட்டும் போட்டு, சாஸைப் பொறுமையாகச் செய்தால் திரியாது. பொறுமைதான் வேண்டும்.

---

அல்சூர்காரன்:

பால்ராஜ் சார், பிள்ளைகள் நல்ல செடாரின் ருசியை அறிய வேண்டும் என்பதை முழுசாக ஏற்கிறேன், அதனால்தான் என் அளவில் கியூபைவிடச் செடார் மூன்று மடங்கு. ஆனால் பிராசஸ்டு சீஸ் சீஸே இல்லை என்பதை ஏற்க முடியவில்லை. அது பிளாஸ்டிக்கிலிருந்து வருவதில்லை, சீஸை உருக்கி அந்தச் சிட்ரேட் உப்பைச் சேர்த்து மறுபடி வார்த்தது. முருகேஷ் சொன்ன அதே சுவிட்சர்லாந்தில்தான் 1911-ல் வால்டர் கெர்பரும் ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லரும் முதலில் செய்தார்கள். வெயில் ஊர்களுக்குக் கப்பலில் அனுப்பினால் கெடாத சீஸ் வேண்டும் என்பதுதான் அவர்கள் தேடியது. நம் ஊர் வெயிலுக்கும் அன்றைய ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளுக்கும் டின் சீஸ் வந்து சேர்ந்ததும் அதே காரணத்தால்தான். உப்பு அதிகம், அதில் நீங்கள் சொல்வது சரி. அதற்காகத்தான் என் சாஸில் தனியாக உப்பே போடுவதில்லை, மக்ரோனி வேகவைக்கிற தண்ணீரில் போடுவதோடு சரி.

பொறுமையாகச் செய்தால் வெறும் செடாரும் திரியாது என்பது உண்மை. ஞாயிற்றுக்கிழமை சரி. காலை ஏழு மணிக்கு ஒரு பக்கம் டப்பா, ஒரு பக்கம் ஸ்கூல் பஸ் என்று நிற்கும் ஒருவருக்கு அந்த இரண்டு கியூப் பெரிய உதவி.

---

பேட்டை_பால்ராஜ்:

காலை ஏழு மணிக்கு என்றால் சரி, விட்டுக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு என் முறைதான். ஜாதிக்காய் ஒரு சின்ன உரசல் சாஸில் போடுங்கள் வித்யா, யாருமே சொல்லவில்லை.

---

வைட்ஃபீல்டு_வித்யா:

இவ்வளவு அக்கறையாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. உறையைத் திருப்பிப் பார்த்தேன், அல்சூர்காரன் சொன்ன உப்பு இருக்கிறது, மாமி சொன்ன பச்சைப் புள்ளியும் இருக்கிறது.

இந்தச் சனிக்கிழமை ஒரே பாத்திரத்தில் சாஸைக் கொஞ்சம் தாராளமாகச் செய்து, முதல் பாதியை அப்படியே மகளுக்கும், மீதியில் இன்னும் பால் விட்டு காரா பன் தூவி ஓவனுக்கும் அனுப்பப் போகிறேன். மோர்மிளகாய் அம்மா அனுப்பியது வீட்டில் இருக்கிறது. ரஃபி தம்பி சொன்ன மசாலா வகையைக் காளான் போட்டுத் தனியாக ஒரு நாள் எனக்காகவே செய்வேன். முருகேஷ் சொன்ன கிழங்கு வகை எனக்குப் புதுசு, தொக்கோடு என்றதும் இப்போதே சாப்பிட வேண்டும் போல இருக்கிறது.

ஒரு சந்தேகம். சாஸை வெள்ளிக்கிழமை இரவே செய்து ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? கோடை செடார் ஒரு கட்டியாக வாங்கினால் மிச்சத்தை எப்படி வைப்பது, பூஞ்சை பிடிக்காமல்?

---

ஜெயநகர்_மாமி:

சீஸ் சேர்க்காமல் வெள்ளை சாஸ் மட்டும் செய்து வை. மேலே ஆடை கட்டாமல் இருக்க பட்டர் பேப்பரை சாஸைத் தொடுகிற மாதிரி ஒட்டிவிடு. மறுநாள் கொஞ்சம் பால் விட்டுச் சிறு தீயில் இளக்கி, அணைத்து, பிறகு சீஸ். மக்ரோனியை மட்டும் முன்கூட்டியே வேகவைக்காதே.

கட்டியை பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றாதே, வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். முதலில் பட்டர் பேப்பர், பிறகு ஒரு டப்பாவில் தளர்வாக. கையால் தொடாமல் சுத்தமான, ஈரமில்லாத கத்தியால் வேண்டியதை மட்டும் வெட்டி எடு. ரொம்ப நாள் ஆகும் என்றால் 150 கிராம் பொட்டலமாகத் துருவி ஃப்ரீசரில் போட்டுவிடு. சாஸுக்கு அது போதும், அப்படியே சாப்பிடத்தான் உதிர்ந்துபோகும்.